பதினெட்டாவது வளைவு

கணவாய்ப்புதூரின் பெரிய கடைவீதி முதன்முதலாக மேற்குப் பக்கம் தூக்கிக்கொண்ட அன்று, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, சர்பத் கடையின் எலுமிச்சம்பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடையை விட்டிறங்கி, வீதி நெடுக உருண்டு, பஸ் ஸ்டாண்டு வாசலில் போய் நின்றன. டீக்கடை பாய்லரில் வெந்நீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் நாற்காலியோடு மெல்ல நகர்ந்து வாசற்படியில் முட்டி நின்று, பாதி நுரையோடு வீதியைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு வீதி தன் இடத்துக்கு இறங்கியது. ஒரு சுவரும் விரியவில்லை, ஓர் ஓடும் விழவில்லை. அதே நேரத்தில் கடல்களுக்கு அப்பால் ஏதோ ஒரு மலையில், தங்கள் ஊர்த் தவசி ஒரு பெரிய சைக்கிள் பந்தயத்தில் முதன்முதலாக ஏறிக்கொண்டிருந்தான் என்று காஜா மைதீனின் செல்போன் கடையில் கேள்விப்பட்டபோது, எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, அப்படியா, அதுதானா என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

அதற்கு ஏத்தம் என்று பெயர் வந்தது. அந்தப் பந்தயம் மூன்று வாரம் ஓடும், நாளுக்கு ஒரு கட்டம், எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, குறைவாக வந்தவன் ஜெயித்தவன்; சமவெளிக் கட்டங்களில் வீதி சும்மா கிடந்தது, மலைக்கட்டங்களில் எழுந்தது. இரண்டாம் வருடத்திலேயே பேரூராட்சி ஆட்டோவில் மைக் கட்டி, குடிதண்ணீர் வரும் நேரத்தோடு ஏத்தம் வரும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னது. டீக்கடையில் அந்த மாதம் மட்டும் கிளாஸில் முக்கால்தான் ஊற்றினார்கள், விலையை மட்டும் குறைக்கவில்லை. மண்டபக்காரர் முகூர்த்தத் தேதி கேட்டு வருகிறவர்களிடம் பஞ்சாங்கத்தோடு பந்தய அட்டவணையையும் எடுத்து நீட்டினார். வீதியில் குடியிருந்தவர்கள், படுத்திருக்கும் பெரியவர்கள் சரிந்துவிடாமலிருக்கக் கட்டில்களின் கிழக்குக் கால்களுக்கடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தார்கள். பந்தயம் முடிந்ததும் எடுக்க வேண்டும் என்று நினைத்து, எடுக்காமலே விட்டு, மீதி பதினோரு மாதமும் எதிர்ப்பக்கம் சரிந்து தூங்கப் பழகிக்கொண்டார்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் இரண்டு நாள் அளந்துவிட்டு, கோப்பில் "பருவகால இயல்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு கிலோ ஏலக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

வீதியின் மேற்குக் கோடியில், ஒரு மாடி அறையில், வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் இருந்தது. அங்கே வேலை பார்த்த பாண்டிமீனாவுக்கு மட்டும் மைக் அறிவிப்பு தேவைப்படவில்லை. அவள் மேசை மேல் ஒரு ரசமட்டம் இருந்தது, கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழலும் குழலுக்குள் ஒரு குமிழியுமாக, அது. பந்தய மாதத்தில் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்தே அவளுடைய ஒரு கண் அதன்மேல் இருக்கும். குமிழி நடுக்கோட்டை விட்டு மேற்கே நகரத் தொடங்கியதும், எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால் அவன் மலையைத் தொட்டுவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். பென்சிலை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அது நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒருமுறை அட்டவணை பார்க்காமல் மலைக்கட்டத்தன்று வந்துவிட்டார்கள். தட்டிலிருந்த லட்டெல்லாம் மாப்பிள்ளையின் மடியில் போய் விழுந்தது, அவர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு வீதியே தனக்காகப் பேசியது போல இருந்தது அவளுக்கு.

ஏழு வருடத்துக்கு முன் அவள் மலைக்கு மேலே இருந்த பொறியியல் கல்லூரியில் படித்தாள். காலை ஏழேகாலுக்குக் கல்லூரிப் பேருந்து ஊரைவிட்டுக் கிளம்பி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போகும். அதே நேரத்தில் தவசி, எஸ்டேட் கடைகளுக்குப் போகும் செய்தித்தாள் கட்டுகளைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஏறுவான். நேரான சாலையில் பேருந்து அவனை முந்திவிடும், வளைவில் அது தன் நீண்ட உடம்பைத் திருப்பத் திணறும்போது அவன் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்து, இடதுபக்க ஜன்னலுக்குக் கீழே சேர்ந்துகொள்வான், அந்த ஜன்னலில் அவள் இருப்பாள். ஒரு வளைவுக்கு ஒரு வாக்கியம்தான் நேரம் இருக்கும். முதல் வளைவில் அவன், "இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்பான். இரண்டாம் வளைவு வரும் வரை யோசித்துவிட்டு அவள், "எலுமிச்சை சாதம்," என்பாள். மூன்றில் அவன், "நேத்தும் அதான." நான்கில் அவள், "நேத்து புளி சாதம்." ஒற்றைப்படை வளைவெல்லாம் அவனுடையது, இரட்டைப்படை வளைவெல்லாம் அவளுடையது என்று யாரும் வகுக்காமலே வகுபட்டிருந்தது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடச் சத்தமாகப் பதில் சொல்லத் தயங்குகிறவளுக்கு, வளைவுக்கு ஒன்று என்பது தாராளமான அளவாகவே இருந்தது. மூன்று வருடம் அவர்கள் அப்படிப் பேசினார்கள். உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு அது அரைநாள் பேச்சாகக்கூட இருக்காது.

காரில் பின்னால் வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், பேப்பர் கட்டோடு ஒருவன் பேருந்துக்குச் சமமாக ஏறுவதைப் பார்த்து, இரண்டு நாள் கையில் கடிகாரத்தோடு பின்தொடர்ந்து, மூன்றாம் நாள் அவனை வெளிநாட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். நான்காம் நாள் பதினேழாவது வளைவில், ஜன்னலுக்குக் கீழே வந்த தவசி வழக்கம்போல் சிரிக்காமல், "போகட்டுமா?" என்று கேட்டான். அது ஒற்றைப்படை வளைவு, அவனுடைய வளைவு. பதினெட்டாவது வளைவு அந்த மலையில் இல்லை. பேருந்து மேட்டைக் கடந்து, கியர் மாறி, சமதளத்தில் ஓடத் தொடங்கியது. நாளைக்கு இரண்டாவது வளைவில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். அன்று சாயங்காலமே அவனைக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அதற்குப் பின் அவன் ஊருக்கு வரவே இல்லை. பந்தயம் இல்லாத மாதங்கள் உண்டு, மற்ற நாட்டுப் பந்தயக்காரர்களெல்லாம் அந்த மாதங்களில் தங்கள் ஊர்ச் சந்தையில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற படங்களை காஜா கடையில் பார்த்தார்கள். தவசி வரவில்லை.

காஜா கடையில்தான் ஊர் கூடும். அவன் வாசலுக்கு நேரே ஒரு பெரிய திரை வைத்திருந்தான். வீதியோடு சேர்ந்து அதுவும் சாயும் என்பதால் யாருக்கும் படம் சாய்வாகத் தெரியாது. வர்ணனை எந்த மொழி என்று ஒருவருக்கும் தெரியாது. படத்துக்குக் கீழே உலகத்திலுள்ள ரசிகர்களெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், அதைச் செல்போனில் வாசித்துச் சொல்ல பாண்டிமீனாவைக் கூப்பிடுவார்கள். அவள் முன்வரிசைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, செல்போனை விட்டுக் கண்ணெடுக்காமல், மெல்லிய குரலில் தமிழில் சொல்வாள். மிகவும் கெட்ட வார்த்தைகளை விட்டுவிடுவாள். சில சமயம், நல்லதாக ஒன்று இல்லாதபோது, "டென்மார்க்கிலேர்ந்து ஒருத்தர் நல்லா ஏறுறான்னு சொல்றார்," என்று சேர்த்தும் சொல்வாள்.

சண்டையெல்லாம் பெரும்பாலும் அந்தக் கல்லைப் பற்றித்தான்.

கணவாய்ப்புதூர் மலைச்சாலையில் லாரிகள் ஏறும்போது எஞ்சின் சூடேறினால், வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பார்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட வேண்டும். மறந்து போனவனின் கல்லை, அடுத்து வருகிறவன் யாரானாலும் இறங்கி எடுத்துப் போட வேண்டும். நடுரோட்டில் கிடந்த கல்லைத் தாண்டி வந்தவன் என்று தெரிந்தால், அன்றைக்கு ஊரில் ஒருவரும் அவனுக்கு டீ போட்டுத் தரமாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன், அந்த மூன்று வாரப் பந்தயத்தின் கடைசி மலைக்கட்டத்தில், எல்லாரையும் விட்டுவிட்டுத் தனியாக முன்னால் ஏறிக்கொண்டிருந்த தவசி, மலைச்சரிவிலிருந்து உருண்டுவந்து சாலை நடுவில் கிடந்த ஒரு கல்லைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, கல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தான். ஒன்பது வினாடி வித்தியாசத்தில் மொத்தப் பந்தயத்தையும் தோற்றான். மறு வருடத்திலிருந்து அவனுடைய அணி அவனைத் தண்ணீர் பாட்டில் சுமக்கிற ஆளாக மாற்றிவிட்டது: பின்னால் வரும் காருக்குப் போய், எட்டுப் பத்து பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, முன்னால் போகிற அணித்தலைவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை.

"பந்தயத்துக்குப் போனானா, கல்லுப் பொறுக்கப் போனானா?" என்பார் வைரவன். முப்பது வருடமாக அந்த மலையில் ஏலக்காய் லாரி ஓட்டுகிறவர், தவசியின் விஷயத்தில் ஊரிலேயே பெரிய எதிர்க்கட்சி.

"நீங்க எடுக்காம வருவீங்களாண்ணே?" என்பான் காஜா.

"என் வண்டில ஏலக்கா மூட. அஞ்சு நிமிசம் முன்னப் பின்ன ஆனாக் கேட்க ஆளில்ல. அவன் மொதல்ல போய்க்கிட்டிருந்தான்யா! பின்னால வர்றவனுக்குக் கண்ணு இல்லயா, அவன் சுத்திப் போக மாட்டானா?"

"பின்னால வர்றவன் நம்மூர்க்காரன் இல்லேல்ல."

"ஓஹோ. அப்ப ஊரு ஒலகத்துக் கல்லையெல்லாம் நாமதான் எடுக்கணுமா பாய்?"

"நேத்து பதினோராவது வளைவுல யாரோ எறங்கிக் கல்லத் தள்ளுனாகளாமே. நீல லாரின்னாய்ங்க."

"அது... அது நம்ம ரோடு," என்று வைரவன் டீயைக் குடிப்பார்.

கல் ஒரு சண்டை என்றால், ஏத்தம் இன்னொரு சண்டை. முதல் இரண்டு வருடம், மலையின் சரிவு எவ்வளவோ வீதியும் அவ்வளவு சாய்கிறது என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அப்படியில்லை என்று கண்டுபிடித்தவரும் வைரவன்தான். காலால் ஏற்றத்தை அளக்கத் தெரிந்த மனிதர். திரையில் காட்டுகிற சரிவு ஒன்றாக இருக்க, வீதியின் சரிவு வேறாக இருந்தது. தவசிக்கு உடம்பு நன்றாக இருக்கிற நாளில் செங்குத்தான மலைக்குக்கூட வீதி லேசாகத்தான் எழுந்தது. அவனுக்கு எவ்வளவு மலையாகத் தெரிகிறதோ அவ்வளவுதான் வீதி சாய்ந்தது. அதற்குப் பின் அவனுடைய கால்களைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாத செய்தி அந்த ஊரில் கூடை பின்னுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. கல்லை எடுத்த வருடம் வீதி கிட்டத்தட்ட எழவே இல்லை. அடுத்த வருடம் சோடாப் பாட்டில்கள் உருண்டன. இந்த வருடம் இரண்டாம் வாரத்திலேயே, ஒரு சின்னக் குன்றுக்கு, வைரவனின் லாரி கை பிரேக்கோடு நாலு அடி பின்னால் போனது.

"சோம்பேறி ஆயிட்டான்னு எழுதியிருக்காங்க," என்று பாண்டிமீனா வாசித்தாள். "வேணும்னே மெதுவா போறானாம். மொகத்துல வலியே இல்லையாம். சம்பளத்துக்கு ஓட்டுறானாம்."

"மொகத்தப் பாத்து என்னத்தத் தெரியும் அவய்ங்களுக்கு," என்றான் காஜா. "நம்ம வீதிய வந்து பாக்கச் சொல்லு."

"அவனும் ஒத்துக்கணும்ல," என்றார் வைரவன். "கஷ்டமா இருக்குன்னா வந்துற வேண்டியதுதான? ஏழு வருசம். ஊரு ஒண்ணு இருக்குன்னு நெனப்பிருக்கா? தலக்கனம். போறப்ப ஒருத்தர்ட்டயாவது சொல்லிக்கிட்டுப் போனானா?"

"யார்ட்ட சொல்லுவான்? அவங்கம்மா செத்து அப்ப மூணு மாசந்தான். பூட்டுன வீட்டுக்கு முன்னாடி பொட்டிய வச்சுக்கிட்டு நின்னான், கார் வந்துச்சு, ஏறுனான். நான் எதுக்க இந்தக் கடையிலதான் இருந்தேன். ஒரு ரீசார்ஜ் ஆளு நின்னாரு, அவரப் பாத்துக்கிட்டிருந்துட்டேன். போயிட்டு வாடான்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருக்கலாம். ஊர்ல ஒருத்தருமே சொல்லலண்ணே அவன்ட்ட."

அந்த ஊரில் பக்கத்துத் தெருவுக்குப் போகிறவன்கூடப் போகிறேன் என்று சொல்லமாட்டான். போயிட்டு வர்றேன் என்பான், வாசலில் இருப்பவர் போயிட்டு வா என்பார், அதைக் கேட்ட பிறகுதான் கால் படியிறங்கும். பாண்டிமீனா கையிலிருந்த செல்போனின் எழுத்துகள் மங்கின. ஏழு வருடமாக அவள் தன் பதில் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறாள். முதல் வருடம் அது 'போகாதே' என்று இருந்தது; அதைச் சொல்லாததால் ஊருக்கு ஒரு வீரன் கிடைத்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பிறகு நெடுங்காலம் அது 'வந்துவிடு' என்று இருந்தது. அவன் கேட்டது வெறும் கேள்வி அல்ல, வாசலில் நின்று எல்லாரும் சொல்கிற அந்தச் சாதாரண 'போயிட்டு வர்றேன்'தான், அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதை நம்பித்தான் அவன் ஜன்னலுக்குக் கீழே வந்தான் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வரச் சொல்லி யாரும் அனுப்பாதவன் எப்படித் திரும்பி வருவான்?

கடைசி மலைக்கட்டம் பத்தொன்பதாம் நாள் வந்தது. இதோடு அவனை அணியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள் என்று இரண்டு நாளாகச் செய்தி அடிபட்டது. அங்கேயும் வளைவுகளுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருந்தார்கள். இருபத்தொரு வளைவு என்று பாண்டிமீனா வாசித்தபோது, "நம்மளவிட நாலு கூட," என்று காஜா சொன்னான். கேமரா முன்னால் போகிற நாலைந்து பேரையே காட்டிக்கொண்டிருந்தது. தவசி எல்லாருக்கும் கடைசியில், தனியாக இருந்தான். குறித்த நேரத்துக்குள் உச்சிக்கு வராதவர்களைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள், அவர்களையும் பாதியில் இறங்கிவிட்டவர்களையும் ஏற்றிக்கொள்ள ஒரு வேன் கடைசி ஆளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வரும். அந்த வேன் இப்போது அவனுக்குப் பத்தடி பின்னால் இருக்கிறது என்று யாரோ ஒரு ரசிகர் எழுதியிருந்ததை அவள் வாசித்தாள். எதையும் விடாமல், எதையும் சேர்க்காமல் வாசித்தாள்.

அப்புறம் வீதி எழுந்தது. இதுவரை யாரும் பார்க்காத மாதிரி எழுந்தது. செங்கல் வைத்த கட்டில்கள் செங்கல்லை விட்டு இறங்கின. சலூன் நாற்காலி கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டது. பெஞ்சுகளோடு ரசிகர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகக் கிழக்கே சரிந்து, கிடைத்த கம்பத்தைக் கட்டிக்கொண்டார்கள். பாண்டிமீனா அலுவலகத்திலிருந்து எடுத்துவந்து மடியில் வைத்திருந்த ரசமட்டத்தைப் பார்த்தாள். குமிழி மேற்குமூலையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் போக இடமில்லாமல் நடுங்கியது.

"நின்னுருவான்," என்றான் காஜா, கம்பத்தைப் பிடித்தபடி. "யா அல்லா, எறங்கிருவான்."

அப்போது வைரவன் எழுந்து நின்றார். எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மலையில் ஹார்ன் வேலை செய்யாதபோது போடுகிற குரலில் கத்தினார்:

"ஏத்தத்துல வண்டி திணறுனா உள்ளயா உக்காந்திருப்பீங்க? எறங்கி நடங்கடா!"

அது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். மலையில் பேருந்து திணறினால் கண்டக்டர் சொல்வதற்குமுன் பயணிகள் இறங்கிவிடுவார்கள். பாரம் குறைந்த வண்டிக்குப் பின்னால், பையும் பிள்ளையுமாக, அடுத்த வளைவு வரை நடப்பார்கள். இத்தனை வருடம் அவன் ஏறிய மலைகளிலெல்லாம் தாங்கள் உட்கார்ந்தே வந்திருக்கிறோம் என்பது அந்தக் கணத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. பழக்கடைக்காரர் இறங்கினார், சலூன்காரர் கத்தரிக்கோலோடு இறங்கினார், பாதி முடி வெட்டிக்கொண்டவரும் இறங்கினார், வங்கியிலிருந்தும் மருந்துக்கடையிலிருந்தும் ஏலக்காய்க் கிடங்கிலிருந்தும் இறங்கினார்கள், செங்கல்லைவிட்டு நழுவிய கட்டில்களிலிருந்து பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் அப்போதுதான் வந்துநின்ற வெளியூர்ப் பயணிகள்கூட, என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் முழங்காலில் கைவைத்து, மூச்சு வாங்க, மேற்கு நோக்கி ஏறினார்கள். பாண்டிமீனா ரசமட்டத்தைப் பார்த்தாள். மூலையில் ஒட்டியிருந்த குமிழி ஒரு நூலளவு விலகியிருந்தது.

அவளும் எழுந்து நடந்தாள். நூறடி ஏறியதும், பாதத்துக்கடியில் வீதி ஒரு கணம் தளர்ந்து, லேசாக ஒருபக்கம் அசைந்து, மறுபடி இறுகியது. மூன்று வருடம் பேருந்தில் உட்கார்ந்து உடம்பில் ஏற்றிக்கொண்ட அசைவு அது. வளைவு. முதல் வளைவு, அவனுடையது. அவள் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். மறுபடி வீதி தளர்ந்து அசைந்தபோது, அது இரண்டாவது. அவள் வாய் திறந்தாள். வகுப்பில் வராத குரல், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வராத குரல், கடைவீதி நடுவில் ஊரே கேட்க வந்தது.

"இன்னிக்கும் எலுமிச்சை சாதம்தான்!"

பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏற்றத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லிக்கொண்டுதான் ஏறுவார்கள் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வளைவில் அவள் காத்திருந்தாள், வீதி ஒருமுறை விம்மி அடங்கியது, அதை அவன் வாக்கியமாக எடுத்துக்கொண்டாள். நான்காவதில், "காலேஜ் பஸ் டிரைவர் அண்ணன் ரிடையர் ஆயிட்டார்," என்றாள். ஆறாவதில், "உங்க வீட்டு வேப்பமரம் ஓட்டு மேல சாஞ்சிருச்சு, நான்தான் ஆள் வச்சு கெளைய வெட்டுனேன்." எட்டில், "பிளான் போடறேன். நெறைய வீடு. எல்லாத்துலயும் மேற்க பாத்து ஒரு ஜன்னல் வச்சிர்றேன்." பத்தாவதில் மூச்சு வாங்கியதில் பேச முடியாமல், "இரு," என்று மட்டும் சொன்னாள். வைரவன் ஒரு தள்ளாத பெரியவரின் முதுகில் கைகொடுத்துத் தள்ளிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். பன்னிரண்டில் என்ன சொன்னாள் என்பது அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை, அவளும் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கில், "ஒம்போது வினாடிக்கு இன்னும் சண்ட போடுறாங்க," என்றாள். பதினாறில், "கல்ல எடுத்தது சரிதான்," என்றாள்.

பதினேழாவது வளைவில் வீதி தளர்ந்து, அசைந்து, வழக்கமாக இறுகுவதைப் போல இறுகாமல் அப்படியே நின்றது. ஏறிக்கொண்டிருந்த கூட்டமெல்லாம் நின்றது. ஒரு காலை முன்னால் வைத்தவர்கள் வைத்தபடி நின்றார்கள். எங்கோ அவனும் நின்றுவிட்டான், ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கிறது, வேன் கதவு திறக்கிறது என்று எல்லாருக்கும் பாதத்தில் தெரிந்தது. பாண்டிமீனாவுக்கு அந்த மௌனம் தெரிந்த மௌனமாக இருந்தது. ஒரு கேள்விக்குப் பின்னால் வருகிற மௌனம். ஏழு வருடத்துக்கு முன் இதே இடத்தில் பேருந்து மேட்டைக் கடந்துவிட்டது. இப்போது எந்தப் பேருந்தும் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை, அவள் தன் காலில் நின்றாள். வீதி மெல்ல, மிக மெல்ல, மறுபடி இறுகியது. மூன்றடி, பத்தடி, இருபதடி ஏறினார்கள். பிறகு அவர்கள் மலையில் இல்லாத பதினெட்டாவது வளைவு அவள் காலடியில் வந்து, தளர்ந்து, அசைந்தது.

"போயிட்டு வா," என்றாள் பாண்டிமீனா.

சத்தமாகச் சொல்லவில்லை. வாசலில் நின்று சொல்கிற அளவுக்குத்தான் சொன்னாள்.

படி இருக்கிறதென்று காலை வைத்து, படி இல்லாமல் தரை தட்டுப்பட்டவர்களைப் போல, கடைவீதியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தடுமாறினார்கள். வீதி சமமாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது காஜா கடைத் திரையில், அன்றைக்கு முதல்முறையாக, கேமரா தவசியைக் காட்டிக்கொண்டிருந்தது. அவன் ஏறிக்கொண்டிருந்தான். தலையை வலதுபக்கமாகத் திருப்பி, சற்று மேலே, வெறும் ஆகாயம் இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் இருப்பதைப் போல அண்ணாந்து பார்த்து, சிரித்துக்கொண்டு ஏறினான். மீதி மூன்று வளைவும் இறக்கத்தில் போகிறவனைப் போலப் போனான். குறித்த நேரத்துக்கு இருபது வினாடி இருக்கும்போது கோட்டைத் தாண்டினான், எல்லாருக்கும் கடைசியாகத்தான்.

அவன் ஏன் வலதுபக்கம் பார்த்தான் என்று உலகத்து ரசிகர்களெல்லாம் சண்டை போட்டார்கள். கூட்டத்தில் யாரையோ பார்த்தான் என்றார்கள், கழுத்து சுளுக்கு என்றார்கள், அணிக்காரர்களைக் கிண்டல் செய்தான், ஒழுக்கமில்லாதவன் என்றார்கள். "கடைசில வந்ததுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?" என்று வைரவன் கேட்டார், குரலில் பழைய காரம் இல்லை. "டென்மார்க்குக்காரர் என்ன சொல்றார் தாயி?" பாண்டிமீனா வாசித்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றாள்.

பந்தயம் முடிந்த மறுநாள் காலையில் சர்பத் கடையின் எலுமிச்சம்பழம் ஒன்று கூடையிலிருந்து இறங்கி உருண்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகாமல் மேற்கே, பிளான் போடும் அலுவலகத்தின் பக்கம் உருண்டு, மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றது. பாண்டிமீனா ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுக்கோட்டைத் தாண்டி, ஒரு விரற்கடை, கிழக்கே நின்றது. சாயங்காலமும் அங்கேயே நின்றது, மறுநாளும் அங்கேயே. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒருவன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால், மிதிக்காமலே வீதியின் இந்தக் கோடி வரை வந்துவிடலாம் என்று வைரவன் காலால் அளந்து பார்த்துச் சொன்னார். வரப்போகிற அந்த ஒருவன் யார் என்று வீதிக்காரர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டில்களின் கிழக்குக் கால்களுக்கடியில் கிடந்த செங்கற்களை எடுத்து, தூசி தட்டி, மேற்குக் கால்களுக்கு மாற்றி வைத்தார்கள். பேரூராட்சி ஆட்டோ மைக்கில் எதையும் அறிவிக்காமல் ஒரு சுற்று சும்மா சுற்றி வந்தது.

பாண்டிமீனா சம்புடத்தில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய், மேசையைக் கிழக்கு ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் வைத்த பென்சில் மெல்ல உருண்டு அவளிடமே வந்தது.